அடுக்குமாடி வீட்டில் உங்கள் நிலம் எவ்வளவு?

தமிழ்நாட்டில் 2023 டிசம்பருக்கு முன்பு கட்டுநரிடமிருந்து நேரடியாகப் புதிய அடுக்குமாடி வீடு வாங்கியவர்கள் தங்கள் கிரயப் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும். அவர்களில் பெரும்பாலோருடைய பத்திரத்தில் வீடு கிரயமாகியிருக்காது. மனையின் சர்வே எண்ணும் நான்கு எல்லைகளும் விரிவாக எழுதப்பட்டு, அதன் கீழே "மேற்படி மனையில் பொதுவில் பிரிபடாத 550 சதுரடி பாகம்" என்பது போன்ற ஒரு வரி மட்டும் இருக்கும். வீடு எந்த மாடியில் உள்ளது, எத்தனை அறைகள் கொண்டது, என்ன விலைக்குக் கட்டித் தரப்படுகிறது என்பவையெல்லாம் கட்டுமான ஒப்பந்தம் என்ற இரண்டாவது ஆவணத்தில் இருக்கும். சார்பதிவாளர் முன்னிலையில் கையெழுத்திட்டு, கைரேகை வைத்து, அவர்கள் உண்மையில் கிரயம் பெற்றது அந்த ஒரு வரியில் சொல்லப்பட்ட நிலத்தைத்தான்.

முழு விற்பனைத் தீர்வையை நில மதிப்புக்கு மட்டும் செலுத்தினால் போதும் என்பதால் இந்த இரட்டை ஆவண முறை நெடுங்காலம் நீடித்தது. 2023 டிசம்பர் 1 முதல் நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே கூட்டு மதிப்பில் பதிவு செய்யும் முறை வந்துவிட்டது. முதல் விற்பனையில் 50 லட்சம் ரூபாய் வரை 4 சதவீதமும், அதற்கு மேல் 3 கோடி வரை 5 சதவீதமும், அதையும் தாண்டினால் 7 சதவீதமும் முத்திரைத் தீர்வை. பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இப்போதைய பத்திரத்தில் வீடும் இடம்பெறுகிறது என்றாலும், நிலத்தைக் குறிக்கும் அந்த வாசகம் மறையவில்லை, மறையவும் கூடாது. யு.டி.எஸ். என்று தரகர்களும் வங்கிக்காரர்களும் சுருக்கமாகச் சொல்லும் பிரிபடாத பாகம் அதுதான். வீடு வாங்கச் செல்பவர்கள் தரை ஓட்டின் நிறத்தைப் பற்றியும் காவிரித் தண்ணீர் இணைப்பைப் பற்றியும் பத்துக் கேள்விகள் கேட்கிறார்கள். இந்த ஒரு எண்ணைக் கேட்பவர்கள் குறைவு. இந்த எண்ணைப் புரிந்துகொண்டால், வாங்கும்போதும் குடியிருக்கும்போதும் மாற்றியமைக்கும்போதும் விற்கும்போதும் எழும் ஐயங்களில் பெரும்பகுதி தானாகவே தெளிந்துவிடும் என்பதால் இதை மட்டும் எடுத்துக்கொண்டு விரிவாகச் சொல்கிறேன்.

கிராமத்தில் நஞ்சையோ புஞ்சையோ வைத்திருந்த குடும்பங்களுக்கு இந்தக் கருத்து புதிதல்ல. பழைய நிலப் பத்திரங்களில் "மேற்படி கிணற்றில் பொதுவில் நாலில் ஒரு பாகமும், மாமூல் வண்டித்தடப் பாத்தியமும்" என்று எழுதியிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். நாலில் ஒரு பாகம் உடையவர் கிணற்றின் வடகிழக்கு மூலையைக் காட்டி இது என்னுடையது என்று சொல்ல முடியாது. கிணற்றின் ஒவ்வொரு குடம் தண்ணீரிலும் அவருக்குக் கால் பங்கு உண்டு. முறை வைத்து இறைத்துக்கொள்ளலாம். தன் வயலை விற்றால் அந்தக் கால் பங்கும் வயலோடு சேர்ந்து போகும். அடுக்குமாடி மனையும் அப்படிப்பட்ட கிணறுதான். தரைத்தளத்தில் இருப்பவருக்கு நிலம் அதிகம், மூன்றாம் மாடியில் இருப்பவருக்கு நிலம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மனையின் ஒவ்வொரு அங்குலத்திலும் எல்லோருக்கும் அவரவர் விகிதப்படி உரிமை உண்டு; ஆனால் யாரும் தன் பங்கைச் சுவர் வைத்துப் பிரித்து எடுத்துக்கொள்ள முடியாது. வீட்டை ஒருவருக்கும் பாகத்தை வேறொருவருக்கும் விற்கவும் முடியாது.

கணக்கு எளியது. உங்கள் வீட்டின் பரப்பை, மனையில் கட்டப்பட்ட எல்லா வீடுகளின் மொத்தப் பரப்பால் வகுத்து, மனையின் அளவால் பெருக்க வேண்டும். இரண்டு கிரவுண்டு மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு கிரவுண்டு 2,400 சதுரடி, ஏறக்குறைய ஐந்தரை சென்ட். ஆகவே மனை 4,800 சதுரடி. அதில் 900 சதுரடி வீதம் எட்டு வீடுகள் கட்டியிருந்தால் மொத்தம் 7,200 சதுரடி. 900-ஐ 7,200-ஆல் வகுத்தால் எட்டில் ஒரு பங்கு. 4,800-இல் எட்டில் ஒரு பங்கு 600 சதுரடி. உங்கள் வீட்டுக்குரிய நிலம் 600 சதுரடி. இங்கே வீட்டுப் பரப்பு என்று எதை எடுத்துக்கொண்டாலும், எல்லா வீடுகளுக்கும் ஒரே வகை அளவையே எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டுக்குச் சுவருக்குள் இருக்கும் கார்ப்பெட் பரப்பையும் மற்றவர் வீடுகளுக்கு மாடிப்படி, தாழ்வாரமெல்லாம் சேர்த்த விற்பனைப் பரப்பையும் வைத்து வகுத்தால் உங்கள் பங்கு குறைந்துவிடும்.

எட்டு வீடு ஏன், பதினாறு வீடு ஏன் கட்டக்கூடாது என்பதை எஃப்.எஸ்.ஐ. என்ற தளப் பரப்புக் குறியீடு தீர்மானிக்கிறது. மனையின் அளவைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதே அது. 1.5 என்றால் 4,800 சதுரடி மனையில் 7,200 சதுரடி கட்டலாம். சென்னையில் இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுந்த மூன்று நான்கு மாடிக் கட்டடங்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில் கட்டப்பட்டவை. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் இது உயரம் குறைந்த கட்டடங்களுக்கு 2 ஆகவும், அகலமான சாலையில் எழும் உயரடுக்குக் கட்டடங்களுக்கு 3.25 வரையிலும் உயர்த்தப்பட்டது. இதன் விளைவு நேராக உங்கள் நிலப் பங்கில் தெரியும். அதே 900 சதுரடி வீடு 1.5 கணக்கில் 600 சதுரடி நிலத்தோடு வரும். 2 கணக்கில் 450 சதுரடி நிலத்தோடு வரும். ஒரு ஏக்கரில் 3.25 கணக்கில் எழுந்த பதினைந்து மாடிக் கோபுரத்தில் வாங்கினால் 277 சதுரடிதான் வரும். மூன்று வீடுகளிலும் வரவேற்பறையின் அளவு ஒன்றே, சமையலறையின் அளவு ஒன்றே. காலடியில் இருக்கும் நிலம் மட்டும் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

அது ஏன் பொருட்டாக வேண்டும் என்றால், கட்டடத்துக்கு வயது உண்டு, நிலத்துக்கு இல்லை. வீட்டை மதிப்பிட வரும் பொறியாளர் நிலத்தின் மதிப்பையும் கட்டடத்தின் மதிப்பையும் தனித்தனியே கணக்கிட்டு, கட்டடத்தின் வயதுக்கேற்பத் தேய்மானம் கழிக்கிறார். எடுத்துக்காட்டுக்காக, ஒரு பகுதியில் நிலம் சதுரடி 10,000 ரூபாய் என்றும் கட்டுமானச் செலவு சதுரடிக்கு 2,500 ரூபாய் என்றும் கொள்வோம். முப்பது ஆண்டு பழைய வீட்டில் 600 சதுரடி நிலத்துக்கு 60 லட்சம். 900 சதுரடி கட்டடம் இன்று கட்டினால் 22.5 லட்சம், அறுபது ஆண்டு ஆயுளில் பாதி கழிந்துவிட்டதால் 11.25 லட்சம், ஆக மொத்தம் 71.25 லட்சம். பக்கத்துத் தெருவின் புதிய கோபுரத்தில் 277 சதுரடி நிலத்துக்கு 27.7 லட்சம், புதுக் கட்டடத்துக்கு 22.5 லட்சம், ஆகக் கூடி 50.2 லட்சம். கோபுர வீட்டுக்கு விலை அதைவிட மிகவும் கூடுதலாகச் சொல்லப்பட்டால், மேற்கொண்டு வரும் தொகை நீச்சல் குளத்துக்கும் மின்தூக்கிக்கும் காவலுக்கும் கட்டுநரின் லாபத்துக்கும் போகிறது என்று புரிந்துகொள்ளலாம். அந்த வசதிகளுக்காகப் பணம் கொடுப்பது தவறல்ல. சிறு குழந்தைகளும் முதியவர்களும் உள்ள குடும்பத்துக்கு அவை அன்றாடம் பயன்படுபவை. ஆனால் நிலத்தின் விலை இரண்டு மடங்கானால் ஒருவருக்கு 60 லட்சமும் இன்னொருவருக்கு 27.7 லட்சமும்தான் கூடும் என்பதை அறிந்துகொண்டு கொடுக்க வேண்டும்.

பாகம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்வதும் சரியல்ல. புறநகரில் 700 சதுரடி பாகத்தைவிட அண்ணா நகரில் 300 சதுரடி பாகம் மதிப்பு மிக்கதாக இருக்கலாம். மனைக்கு முன்னால் இருக்கும் சாலையின் அகலமும் முக்கியம். குறுகிய சந்தில் உள்ள மனையில் நாளை உயரமாகவோ கூடுதலாகவோ கட்ட அனுமதி கிடைக்காது என்பதால், அங்கே உள்ள 600 சதுரடிக்கு அறுபதடிச் சாலையில் உள்ள 600 சதுரடியின் மதிப்பு இருக்காது. ஆகவே பாகத்தின் அளவு, அப்பகுதியின் நில விலை, சாலையின் அகலம் ஆகிய மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கூட்டினால் வர வேண்டிய எண்

என் சித்தி மேற்கு மாம்பலத்தில் 1988-இல் கட்டப்பட்ட ஒரு அடுக்ககத்தில் வசிக்கிறார். மேலே சொன்ன எடுத்துக்காட்டு அந்தக் கட்டடத்தின் அளவுகளை வைத்தே சொல்லப்பட்டது: இரண்டு கிரவுண்டு மனை, எட்டு வீடுகள், தலா 900 சதுரடி. சில ஆண்டுகளுக்கு முன் தூண்களில் கம்பி தெரியும் அளவுக்குச் சிமெண்ட் உதிரத் தொடங்கியபோது, இடித்துக் கட்டுவதைப் பற்றிப் பேச எட்டு வீட்டாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நானும் உடன் இருந்தேன். ஒவ்வொருவரும் தம் பத்திரத்தைக் கொண்டுவந்திருந்தார்கள். மஞ்சளேறிய முத்திரைத்தாள்கள், ஓரம் கிழிந்து செல்லோடேப் ஒட்டியவை. முதல் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால் துறை ஊழியர் ஒரு கோடு போட்ட நோட்டில் எட்டு எண்களையும் வரிசையாக எழுதினார். ஆறு பத்திரங்களில் 550, இரண்டில் 545. கூட்டிவிட்டு, மறுபடியும் கூட்டிவிட்டுச் சொன்னார்: "எட்டு பேருடையதையும் சேர்த்தா மனை அளவு வரணுமே சார், நானூத்திப் பத்து குறையுதே."

4,800 இருக்க வேண்டிய இடத்தில் 4,390. மிச்சம் 410 சதுரடி யாருக்கும் கிரயம் செய்யப்படாமல், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆதி நில உரிமையாளரின் பெயரிலேயே இருந்தது. அவர் கொடுத்திருந்த பொது அதிகார ஆவணத்தின் பேரில்தான் கட்டுநர் எல்லோருக்கும் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார். நில உரிமையாளர் காலமாகிவிட்டார். அதிகாரம் கொடுத்தவர் இறந்தால் அந்த அதிகாரம் அத்தோடு முடிந்துவிடும் என்பதால், கட்டுநரைத் தேடிப் பிடித்தாலும் பயன் இல்லை. உரிமையாளரின் மூன்று வாரிசுகளைக் கண்டுபிடித்து, அவர்களில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து அதிகார ஆவணம் அனுப்பி, 410 சதுரடியையும் எட்டு வீட்டாரும் இன்றைய விலை கொடுத்துப் பிரித்து வாங்கி முடிக்க ஒன்றரை ஆண்டு ஆயிற்று. 550 வைத்திருந்த ஆறு பேர் தலா 50 சதுரடியும் 545 வைத்திருந்த இருவர் தலா 55 சதுரடியும் வாங்கினார்கள். சித்தி 545 வைத்திருந்த இருவரில் ஒருவர். 1988-இல் தமக்கு வந்திருக்க வேண்டிய நிலத்துக்கு அவர் இரண்டாம் முறை பணம் கட்டினார். அவருடைய ஓய்வூதியச் சேமிப்பில் அது எவ்வளவு பெரிய பள்ளம் என்பது எனக்குத் தெரியும் என்பதாலேயே, யார் வீடு வாங்கப் போகிறேன் என்றாலும் இந்தக் கூட்டல் கணக்கை முதலில் சொல்கிறேன்.

இதைச் செய்வதற்கு வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை. பதிவுத்துறையின் இணையதளத்தில், மனையின் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கச் சான்று பார்த்தால், அந்த மனையில் பதிவான ஆவணங்கள் ஒவ்வொன்றும் எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், கைமாற்றுத் தொகை ஆகியவற்றோடு வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் சொத்தின் விஸ்தீரணம் என்ற இடத்தில் விற்கப்பட்ட பிரிபடாத பாகம் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். அதே வீடு மறுவிற்பனையானால் அதே பாகம் இரண்டாம் முறை வரும். அதை மறுபடி கூட்டக்கூடாது. மனை அளவைவிடக் குறைவாக வந்தால், மீதி யாரிடம் இருக்கிறது என்று கேட்க வேண்டும்: நில உரிமையாளரும் கட்டுநரும் கூட்டாகக் கட்டியிருந்தால், நில உரிமையாளர் தம் பங்குக்கு வந்த வீடுகளுக்கான பாகத்தைத் தம்மிடமே வைத்திருப்பார், அது இயல்பானது. வீடே இல்லாமல் பாகம் மட்டும் யாரிடமாவது தங்கியிருந்தால் அது இயல்பானதல்ல. மனை அளவைவிட அதிகமாக வந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை; இல்லாத நிலம் விற்கப்பட்டிருக்கிறது, அல்லது அனுமதிக்கு மேல் ஒரு மாடி எழுந்து அதற்கும் பாகம் எழுதப்பட்டிருக்கிறது.

பெரிய வளாகங்களில் மனை அளவு என்பதையே சரிபார்க்க வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டும்போது 10 சதவீதத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாக உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் மூலம் கொடுத்துவிட வேண்டும். சாலை விரிவாக்கத்துக்காகக் கொடுக்கும் துண்டும் அவ்வாறே. கொடுத்த பிறகு அந்த நிலம் அரசினுடையது. அதையும் சேர்த்துப் பாகம் கணக்கிட்டிருந்தால் உங்கள் பத்திரத்தில் உள்ள எண் வெறும் எண்தான். பல கட்டங்களாக எழும் வளாகத்தில், முதல் கட்டத்தில் வாங்கியவர்களின் பாகம் முழு மனையின் மீது கணக்கிடப்பட்டதா, அந்தக் கட்டத்துக்குரிய பகுதியின் மீது மட்டும் கணக்கிடப்பட்டதா, நாளை மேற்கொண்டு கோபுரம் எழுந்தால் அது குறையுமா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும்.

ரெரா எனப்படும் 2016-ஆம் ஆண்டின் வீடு-மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் வந்தபின், பதிவு செய்யப்பட்ட திட்டங்களின் அனுமதி வரைபடம், வீடுகளின் எண்ணிக்கை முதலிய விவரங்களை ஆணையத்தின் தளத்திலேயே பார்க்க முடிகிறது. கட்டுநர் எழுத்து வடிவ ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்பதும் அச்சட்டத்தில் உண்டு. ஆனால் மனை 500 சதுர மீட்டருக்கு மிகாமலோ வீடுகள் எட்டுக்கு மிகாமலோ இருந்தால் பதிவு தேவையில்லை என்று அதே சட்டம் விலக்கும் அளிக்கிறது. இரண்டு கிரவுண்டு என்பது ஏறக்குறைய 446 சதுர மீட்டர். அதாவது, சென்னையின் உள்தெருக்களில் பழைய தனிவீட்டை இடித்துவிட்டு எழும் ஆறு வீடு, எட்டு வீடு கட்டடங்கள் பல இந்தக் கண்காணிப்புக்கு வெளியே நிற்கின்றன. நடுத்தரக் குடும்பங்கள் அதிகம் தேடிப் போவதும் இவற்றைத்தான். அங்கே கூட்டல் கணக்கை வாங்குபவர்தான் போட்டுப் பார்த்தாக வேண்டும்.

குடியேறிய பிறகு

வீட்டுக்குள் சாவி போட்டு நுழைந்ததும் பாகத்தை மறந்துவிடுவது எளிது. ஆனால் வீட்டில் செய்யும் ஒவ்வொரு பெரிய மாற்றமும் அதைத் தொட்டுத்தான் செல்கிறது. உங்களுக்கு மட்டும் உரியது சுவர்களுக்கு உள்ளே இருக்கும் இடம். தூண், உத்திரம், வெளிச்சுவர், மொட்டை மாடி, மாடிப்படி, கிணறு, கழிவுநீர்த் தொட்டி ஆகியவை எல்லோருக்கும் பொதுவானவை. கடைசி மாடியில் இருப்பதாலேயே மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட உரிமை வராது. தரைத்தளத்தில் இருப்பதாலேயே பக்கவாட்டு இடைவெளியை வளைத்துத் துணி துவைக்கும் அறையாக்கவும் முடியாது. சமையலறையைப் பெரிதாக்குவதற்காக ஒரு சுவரை எடுக்க விரும்பினால், அது வெறும் தடுப்புச் சுவரா, மேல்மாடியின் பாரத்தைத் தாங்கும் சுவரா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டிக் கேட்ட பிறகே கடப்பாரையை எடுக்க வேண்டும். முப்பது ஆண்டுக்கு முந்தைய கட்டடங்களில் இதைச் சுவரைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. வண்டி நிறுத்துமிடத்தைப் பொறுத்தவரை, தூண் தளத்தில் உள்ள இடங்களைக் கட்டுநர் தனிச் சொத்தாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் ஒரு மும்பை வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

வீட்டை அழகுபடுத்தச் செலவிடுவதற்கு முன் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். ஐந்து லட்சம் ரூபாய்க்கு மரவேலை செய்தால், அந்த வீட்டில் வாழும் ஆண்டுகளில் அதன் பயன் கிடைக்கும். விற்கும்போது அதில் சிறு பகுதிதான் திரும்பும். அதே தொகையை எட்டு வீட்டாரும் பகிர்ந்து மொட்டை மாடிக்கு நீர்க்கசிவுத் தடுப்பும் தூண்களுக்குப் பழுதுபார்ப்பும் செய்தால், எல்லோருடைய கட்டடமும் கூடுதலாகப் பல ஆண்டுகள் நிற்கும். கடற்காற்று வீசும் பெசன்ட் நகர் போன்ற பகுதிகளில் கம்பி துருப்பிடிப்பது விரைவு என்பதால் இது இன்னும் அவசரமானது. என் அனுபவத்தில், பொதுப் பகுதிக்கு வசூல் என்றால் முகம் சுளிப்பவர்களே தம் வீட்டுப் பொய்க்கூரைக்குத் தயங்காமல் செலவிடுகிறார்கள். தங்கள் சொத்தின் பெரும்பகுதி பொதுப் பகுதிக்குள்தான் இருக்கிறது என்பது அவர்களுக்கு யாராலும் விளக்கப்படவில்லை.

காப்பீடும் இதே பிரிவின்படிதான். காப்பீடு கட்டடத்துக்கு உண்டு, நிலத்துக்கு இல்லை. வீட்டை 80 லட்சத்துக்கு வாங்கியதால் 80 லட்சத்துக்குக் காப்பீடு எடுக்க வேண்டியதில்லை. மறுபடி கட்ட ஆகும் செலவுக்கு எடுத்தால் போதும். ஒரு வீட்டார் மட்டும் எடுப்பதைவிடச் சங்கத்தின் பெயரில் முழுக் கட்டடத்துக்கும் எடுப்பது நல்லது, ஏனெனில் கீழ்வீடு நிற்காமல் மேல்வீடு நிற்காது.

குடும்பத்துக்குள் சொத்து கைமாறும்போதும் கவனம் தேவை. பாகப் பிரிவினையிலோ உயிலிலோ "என் பிளாட்டை இளைய மகளுக்கு" என்று மட்டும் எழுதிவிட்டு, பிரிபடாத பாகத்தின் அளவைக் குறிப்பிடாமல் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. முந்தைய பத்திரத்தில் உள்ள மனை விவரம், பாகம், வீட்டு விவரம் மூன்றையும் ஓர் எழுத்து மாறாமல் எடுத்து எழுத வேண்டும். 545 என்பது 554 என்று தட்டச்சாகிவிட்டால், எழுதிக் கொடுத்தவர் கையெழுத்திடும் நிலையில் இருக்கும்போதே பிழைத்திருத்தப் பத்திரம் போட்டுவிட வேண்டும்.

இடித்துக் கட்டும்போது

பாகத்தின் உண்மையான எடை தெரிவது இந்தக் கட்டத்தில்தான். 1994-ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்துக்கு மாற்றாகத் தமிழ்நாடு அரசு 2022-இல் புதிய சட்டம் இயற்றி, அது 2024-இல் நடைமுறைக்கு வந்தது. முன்பெல்லாம் ஒரு வீட்டார் மறுத்தாலும் மறுகட்டுமானம் நின்றுபோகும் நிலை இருந்தது. புதிய சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் இருந்தால் மேற்கொண்டு செல்ல வழி செய்யப்பட்டிருக்கிறது.

கட்டுநர் வந்து, பழைய 900 சதுரடி வீட்டுக்குப் பதிலாகப் புதிய 900 சதுரடி வீடு இலவசமாகக் கட்டித் தருகிறேன் என்று சொல்வார். அது இலவசம் அல்ல. அதே 4,800 சதுரடி மனையில் இப்போது 2 மடங்கு, அதாவது 9,600 சதுரடி கட்டலாம். பழைய எட்டு வீட்டாருக்கு 7,200 சதுரடி போக, 2,400 சதுரடியைக் கட்டுநர் புதியவர்களுக்கு விற்பார். புதிய வீடுகளுக்கும் நிலப் பங்கு எழுத வேண்டும் என்பதால் உங்கள் 600 சதுரடி 450 ஆகும். ஆக, 150 சதுரடி நிலத்தைக் கொடுத்துப் புதுக் கட்டடம் வாங்குகிறீர்கள். நிலம் சதுரடி 10,000 ரூபாய் என்ற முந்தைய கணக்கில் நீங்கள் கொடுப்பது 15 லட்சம், பெறுவது 22.5 லட்சம் செலவில் கட்டிய வீடு.

கட்டுநரின் பக்கமும் பார்க்க வேண்டும். 9,600 சதுரடி கட்ட அவருக்கு 2.4 கோடி செலவு. இரண்டு ஆண்டுகளுக்கு எட்டு குடும்பங்களின் வாடகை தனி. கையில் கிடைப்பது 2,400 சதுரடி. அதைச் சதுரடி 10,000 ரூபாய்க்கு விற்றால் கட்டுமானச் செலவு மட்டுமே திரும்பும், வாடகையும் வட்டியும் கூடத் தேறாது. அதனால்தான், நில விலை குறைந்த பகுதிகளில் இடித்துக் கட்ட யாரும் முன்வருவதில்லை. முன்வந்தால், அரசுக்குக் கட்டணம் செலுத்திப் பெறும் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.யைக் கொண்டு கூடுதல் வீடுகள் கட்டுகிறார், அல்லது உரிமையாளர்களிடம் கட்டுமானச் செலவில் ஒரு பகுதியைக் கேட்கிறார். கூடுதல் வீடுகள் என்றால் உங்கள் பாகம் 450-க்கும் கீழே இறங்கும். சலுகைகள் பேசும்போது, மாதிரிப் படங்களையும் குளியலறைச் சாதனங்களின் பெயர்களையும் ஒதுக்கி வைத்துவிட்டு, முடிவில் என் பெயரில் எத்தனை சதுரடி நிலம் இருக்கும் என்று கேட்டு, அந்த எண்ணை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்ல வேண்டும். இரண்டு கட்டுநர்களின் திட்டங்களை ஒப்பிட இதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

பழைய வீட்டை விற்க முடிவு செய்பவருக்கும் இந்த எண்ணே கைகொடுக்கும். முப்பது ஆண்டு பழைய வீடு என்று விளம்பரம் செய்தால் விலை கேட்பவர் தேய்மானத்தைப் பேசுவார். இத்தனை சதுரடி பாகம், இத்தனை அடி சாலை, எட்டே வீடுகள் என்று முதலிலேயே எழுதினால் நிலத்தைப் பற்றிய பேச்சாக அது மாறும். மூலப்பத்திரம், அனுமதி வரைபடம், கட்டுமான ஒப்பந்தம், வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு பாகங்களின் கூட்டுத்தொகையையும் தயாராக வைத்திருப்பவருடைய வீடு, வாங்குபவரின் வங்கியிலும் விரைவாக நகர்கிறது.

சித்தியின் கட்டடம் இன்னும் இடிக்கப்படவில்லை. இரண்டு கட்டுநர்களோடு பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. எட்டு வீட்டாரின் பாகமும் தலா 600, மொத்தம் 4,800 என்று தபால் துறைக்காரர் திருத்தி எழுதிய அந்த நோட்டுப் பக்கத்தை எட்டுப் பிரதி எடுத்து, ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் பத்திரத்தோடு வைத்திருக்கிறார்கள். சென்ற ஆண்டு இரண்டாம் மாடியிலிருந்து ஒருவர் வீட்டை விற்றபோது, வாங்கியவரின் வழக்கறிஞர் மற்ற காகிதங்களைப் புரட்டுவதற்கு முன் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் வாங்கிக் கூட்டிப் பார்த்தார்.